மஞ்சள் வாய்

நிலம் எங்களுடையது.
என் மாமனார் கல் பொறுக்கிச் சீர் செய்தது.
வள்ளிக்கிழங்கு மேடுகள் எங்களுடையவை,
அவற்றைக் குடையும் எலிகளும்கூட.
நடுவில் நிற்கும் தவதவா மரம் மட்டும்
தலைவருடையது.

எங்கள் பக்கம் மரங்களுக்கென்றே ஒரு தலைவர் உண்டு.
யார் நிலத்தில் முளைத்தாலும்
தவதவா என்றால் அவர் கணக்கு.

நிழல் எங்களுக்கு.
உதிர்ந்த இலையைப் பெருக்குவது எங்களுக்கு.
சிவப்புப் பந்துகளாய்ப் பூ தொங்கும் மாதத்தில்
வௌவால்கள் இரவெல்லாம் அடித்துக்கொள்ள
தூக்கம் கெடுவதும் எங்களுக்கு.
காய் முற்றிக் கறுத்துக் கொத்துக் கொத்தாய் இறங்கிவந்தால்
முரசு அறையும்வரை
ஒரு கை மேலே நீளக் கூடாது.
நீண்டால் கினிக்கோழி ஒன்று அபராதம்.

ஏப்ரல்.
குதிரைத் தட்டினால் தூசிதான் பதில் சொல்கிறது.
யெண்டி சாலையில் ஒரு லாரி போனால்
புழுதி அடங்க அரைப் பொழுது ஆகிறது.
மேகம் கிழக்கே கூடுகிறது, கலைகிறது,
கடன்காரனுக்குத் தவணை சொல்கிற மாதிரி.

வும்பினிக்கு எட்டு வயது.
முரசுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

நெற்றைப் பிளந்தால்
கறுப்பு விதைகளைச் சுற்றி மஞ்சள் மாவு.
தித்திக்கும், உடனே வாயில் ஒட்டும்,
தண்ணீர் இல்லையென்றால் தொண்டையை அடைக்கும்.
தின்றவனைக் காட்டிக்கொடுக்கும் தீனி.
உதட்டில் மஞ்சள், முழங்கையில் மஞ்சள்,
காதுமடலில் எப்படி என்று
அவனுக்கே தெரியவில்லை.

நான் அடிக்கவில்லை.
எத்தனை என்றேன்.
ஏழு என்றான்.
எனக்கு என்றேன்.
கால்சட்டைப் பையிலிருந்து இரண்டு எடுத்தான்.

காவல்காரன் நாபாரியின் சைக்கிளில் மணி கிடையாது.
திருப்பத்தில் வாயாலேயே கிளிங் கிளிங் என்பான்.
அன்று சொல்லவில்லை.
வந்து நின்றபோது
பையனின் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்,
என் முகத்தை மறந்து.

அவனைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
எங்கள் கோழிகள் மூன்றும்
வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தன.

"மாம்பழமா?" என்றான்.

"மாம்பழம்" என்றேன்.

"மாம்பழம்" என்றான் வும்பினி,
கொஞ்சம் பிந்தி.

மூன்று பேரும் ஒருமுறை சுற்றிலும் பார்த்தோம்.
கண்ணுக்கெட்டிய தூரம்
மாமரம் என்று ஒன்று இல்லை.

"இந்த வருஷம் நல்ல காய்ப்பு" என்றான் நாபாரி.
தண்ணீர் கேட்டான்.
சுரைக்குடுக்கையில் கொடுத்தேன்.
பாதி குடித்தான்.
மீதியைப் பையனின் தலையைச் சாய்த்துப்
பிடரியிலும் காதிலும் ஊற்றிக் கழுவினான்,
மாட்டைக் கழுவுகிறவன் போல, அவசரமில்லாமல்.
சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.
வெகுதூரம் போனபின்
கிளிங் கிளிங் கேட்டது.

முரசு அறைந்தார்கள்.
பறித்தோம், உலர்த்தினோம்,
தலைவரின் பங்கைத் தலைச்சுமையாய்க் கொண்டுபோனேன்.
எண்ணினார்கள். சரியாக இருந்தது.
கொடுத்த விதையில் எனக்கு வந்ததை
வேகவைத்து, மூடிவைத்து, நாறவிட்டு
மழைக்காலக் குழம்புக்கு உருட்டிவைத்தேன்.

மழை வந்தது.
குடிசைக்குப் பின்னால்,
வும்பினி அன்று விதை துப்பிய இடத்தில்,
ஒரு நாற்று.
இலை புளியிலை மாதிரி பொடிப்பொடியாய்.
யார் நிலம் என்று அதற்கு எப்படித் தெரியும்?
யார் மரம் என்று எனக்குத் தெரியும்.
உடைந்த பானையைக் கவிழ்த்து மூடினேன்.
பானைக்குள் இருட்டு என்று தோன்றி
மறுநாள் எடுத்துவிட்டேன்.
நாபாரியிடம் சொல்லலாமா என்று நினைத்தேன்.
அவன் என்ன மரம் என்று கேட்பான்,
நான் மா என்பேன்,
எத்தனை வருஷம் அப்படிச் சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால்
அடியோடு கடித்த குச்சி ஒன்றுதான் நிற்கிறது.
பக்கத்தில் ஆடு,
மென்றுகொண்டு,
என்னையே பார்த்தபடி.

ஆடு எங்களுடையது.