மணியில் இருந்த பெயர்

பதிவேடு பிறப்பில் தொடங்கவில்லை.
முதல் பக்கத்தில் ஓர் அடக்கம்:
ஒட்டிலியா ஃபெட்ச், பதினொரு நாள்,
சஸ்காட்செவான், ஜனவரி 1907.
மை உறைந்துபோயிருக்க வேண்டும்,
பாதிப் பெயருக்கு மேல் பென்சில்.

மண் இளகும்வரை
பெட்டி லாயத்துக் கூரைமேல் கிடந்தது.
கீழே பூசை.
குதிரைகள் விட்ட மூச்சில்
திராட்சை ரசம் உறையாமல் இருந்தது.

சூசையப்பர் பங்கு என்றுதான் தீர்மானம்.
வீட்டுக்கு இரண்டு மூட்டை கோதுமை போட்டு
மணிக்குச் சொல்லியிருந்தார்கள்.
ரயிலில் வந்து இறங்கியதன் இடுப்பில்
வேறெந்த ஊரோ வேண்டாமென்ற
பார்பரம்மாள் பெயர்.
திருப்பி அனுப்பக் கூலி பதினெட்டு டாலர்.
'மணிக்கு எதுவோ அதுவே நமக்கும்'
என்றானாம் வெண்டலின் ஃபெட்ச், ஒட்டிலியாவின் அப்பன்.
சூசையப்பர் கோபிக்கவில்லை,
தச்சர், வண்டிச்சத்தம் அறிந்தவர்.

இடிக்கும் மின்னலுக்கும் காவல் பார்பரம்மாள்.
இருபத்துமூன்றில்
இடி விழுந்துதான் கோவில் எரிந்தது.
மணி கீழே விழுந்து கீறியது.
அந்த ஞாயிற்றுக் கணக்கில்
எரிந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை:
காணிக்கை நான்கு டாலர், ஒரு கிடாரி.

இப்போது பூசைக்குப் பதினாறு பேர்,
அறுவடையில் ஒன்பது.
மூடச்சொல்லி ஆயரின் கடிதம்
மேசையில் மூன்று வாரமாய்.
தூத்துக்குடியிலிருந்து வந்த நான்
கடைசி வரியை எழுத வேண்டும்.
அறையில் ஹீட்டர் ஓடுகிறது, மைக்குக் குறையில்லை.

பனிவாரி வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
லோரன் ஃபெட்ச் வந்து நிற்கிறார்,
மணியை எடுத்துப் போகலாமா என்று.
கீறல் மணி, அடிக்காது என்கிறேன்.
தெரியும் என்கிறார்.

எங்கே வைப்பீர்கள் என்று கேட்கவில்லை.
ஏற்றுகூலி எவ்வளவு ஆகும்
என்றுதான் கேட்கிறேன்.