கேள்வி எண் ஏழு

கிவிலாவிலிருந்து வந்த விண்ணப்பம்
நீல மையில், கையெழுத்தில்.
மற்ற எல்லோரும் கணினியில் நிரப்புகிறார்கள்.
லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளம்,
செவ்வாய்தோறும் மூன்று முதல் ஆறு வரை,
பொறுப்பாளர்: ஆவுனே லெஹ்திசாரி.
தேவை: ஒரு ஃப்ரீசர்.

கேள்வி நான்கு, ஏன் தேவை?
"பழையது ஜனவரியில் நின்றுபோனது.
கோழிகளைப் பின்வாசல் பனியில் புதைத்தோம்.
குளிருக்கு இங்கே பஞ்சமில்லை.
மூன்றாம் வாரம் நரி கண்டுபிடித்துவிட்டது.
ஆனால் நான் கேட்பது ஜனவரிக்கு அல்ல,
மே மாதத்துக்கு."

சிரித்தேன். பிறகு
காபிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத்
திரும்பப் படித்தேன்.

கேள்வி ஏழு, கடந்த மாதம் எத்தனை குடும்பங்கள்?
அறுபத்திரண்டு என்று எழுதி
அடித்து
அறுபத்தொன்று என்று எழுதியிருந்தாள்.
கோட்டுக்கு அடியில் பழைய எண் தெரிந்தது.
நீல மை எதையும் முழுசாக மறைப்பதில்லை.

எங்கள் கிடங்கு துலூத்தில்.
அதைச் சுற்றி எட்டு மாவட்டங்களில்
நூற்றுப் பதினான்கு சின்னக் கதவுகள்.
திறப்பவர்கள் அந்தந்த ஊரில் இருக்கிறார்கள்.
நாங்கள் கீல்களுக்கு எண்ணெய் விடுகிறோம், அவ்வளவுதான்.

பணம் ஏது என்பார்கள்.
கல்லாவில் சில்லறையை முழுசாக்கட்டுமா என்று கேட்டபோது
தலையாட்டியவர்களின் பதினேழு சென்ட், முப்பத்தொரு சென்ட்.
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் மாதப் பத்து டாலர்,
டிசம்பரில் மட்டும் பதினைந்து.
இறந்துபோன பல் மருத்துவர்
உயிலில் எங்களுக்கு ஒரு படகை எழுதிவைத்திருந்தார்.
படகை வைத்துக்கொண்டு என்ன செய்ய? விற்றோம்.
அரசாங்கம் தருவது பட்டாணி டின்களாக வரும்,
சில வருடம் மலைபோல, சில வருடம் பேருக்கு.

யானைப் பசிக்குச் சோளப்பொரி.
தெரியும்.
அந்தப் பொரியையும் யாராவது லாரியில் ஏற்ற வேண்டும்,
டீசல் போட வேண்டும்.

வியாழக்கிழமைக் கூட்டம்.
பதினொரு விண்ணப்பங்கள், பணம் நான்குக்கு.
கணக்கர் மார்லிஸ் ஹௌகன்
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்:
"அறுபத்தொன்றா, அறுபத்திரண்டா?
அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் கையொப்பம் வேண்டுமே."

ஃபோன் செய்தேன்.
மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை,
ஏதோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.
"அறுபத்தொன்று," என்றாள் ஆவுனே.
"கூட்டலில் பிழை."
அப்படியே குறித்துக்கொண்டேன்.

மார்லிஸ் என் முகத்தைப் பார்த்தாள்.
இரண்டாயிரத்து நூறு டாலருக்கு நேரே
பச்சைக் கோடு போட்டாள்.
ஒரு சமையல்கூடத்தின் கூரையும்
ஒரு பள்ளியின் வெள்ளிக்கிழமைப் பைகளும்
அடுத்த காலாண்டுக்குப் போயின.
அந்தக் கடிதங்களையும் நான்தான் எழுதினேன்.
'வருந்துகிறோம்' என்பதை எத்தனை விதமாக எழுதுவது.

மே, இரண்டாம் செவ்வாய்.
லேராய் பெல்லங்கரின் லாரியில் நானும் போனேன்.
ஏரி உருகி இரண்டு வாரம் ஆகியிருந்தது,
கொசு இன்னும் வரவில்லை.
ஃப்ரீசர் வாசலில் நுழையவில்லை.
கதவைக் கழற்றினோம்.
ஒரு கீல் உடைந்தது.
"போகட்டும், அது ஐம்பது வருடமாகவே உடைய நினைத்தது,"
என்றாள் ஆவுனே,
கறுப்புக் காபி ஊற்றிக்கொடுத்தபடி.

ஆறு மணிக்கு வரிசை தீர்ந்தது.
மேசையைத் துடைத்தாள்.
ஒன்றை விட்டு மற்ற விளக்குகளை அணைத்தாள்.
ஓட்ஸ், பட்டாணி, ஒரு முழுக் கோழி:
மிஞ்சிய பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
தன் காருக்கு நடந்தாள்.
பதிவேடு மூடியே கிடந்தது.

லேராய் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்,
காற்று சரியாகத்தான் இருந்தது.
நான் உத்தரவாதச் சீட்டை எடுத்து
முதல் வரியிலிருந்து படித்தேன்.
கம்ப்ரஸருக்குப் பத்து ஆண்டு.
மூடிக்கு ஐந்து.
உள்விளக்குக்கு உத்தரவாதம் கிடையாது.