டூ லெஃப்ட்

லெர்விக் கடலோரக் காவல் நிலையம்.
பிப்ரவரி, விடியாத மூன்று இருபது.
இஷ்பெல் மூவட்டின் காதுக்குள் ஒரு மீன்பிடிப் படகு,
ஐந்து பேர் ஏறிப்போனது.
இரைச்சலைக் கிழித்து இரண்டே சொல் வந்தது:
"டூ லெஃப்ட்."
பிறகு இரைச்சல் மட்டும்.

எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் கை நின்றது.
இருவர் போய்விட்டார்களா,
இருவர்தான் மிச்சமா?
எப்படிக் கூட்டினாலும் ஐந்து வருகிறது,
அதுதான் கொடுமை.
இடப்பக்கம் என்றும் அதற்கொரு பொருள் உண்டு;
கடலோடிகள் அப்படிச் சொல்வதில்லை,
அந்த மட்டில் ஒரு குழப்பம் குறைவு.

மறுபடி சொல்லுங்கள் என்றாள்.
மறுபடி சொல்லுங்கள்.
மூன்றாம் முறை கேட்டபோது
யாரைக் கேட்கிறோம் என்றே தெரியவில்லை.

ஹெலிகாப்டர் ஒன்று. எரிபொருள் ஒரு தேடலுக்கு.
மிச்சம் என்றே வைத்துக்கொண்டு
படகை நோக்கி அனுப்பினாள்.
கவிழ்ந்த அடிப்பலகையில் இருவர் ஒட்டிக்கிடந்தார்கள்.

பத்து மாதம் கழித்து விசாரணை.
வழக்கறிஞர் தடித்த அகராதியோடு வந்தார்.
பச்சை நாடா வைத்த பக்கத்தைத் திறந்து,
ஒரு சொல்லுக்குப் பொருள் அதன் சூழலில் இருக்கிறது என்றார்.
சூழல் என்றால் சூழ்ந்திருப்பது.
அன்றைக்குச் சூழ்ந்திருந்தது தண்ணீர்,
ஏழு மீட்டர் உயரத்துக்கு.

பிழைத்த இருவரில் ஒருவர், சமையல்காரர் இஸ்பிஸ்டர்,
கூண்டில் ஏறினார். கையில் இரண்டு விரல் இல்லை.
"ரேடியோவில் பேசியது நீங்களா?"
"லௌரி."
"அவர் எந்தப் பொருளில் சொன்னார்?"
"லௌரியைத்தான் கேட்க வேண்டும்."
பின்வரிசையில் லௌரியின் மனைவி
கையுறையைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டாள்.

ஷெரிஃப் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டார்.
பேசியவர் படகில் இருந்தார்,
மீண்டவர்களும் படகில் இருந்தார்கள்,
அப்படியானால் மூவர்.
அப்படியானால் அந்த இருவர் போனவர்கள்.
இல்லை,
லௌரி தன்னைச் சேர்க்காமல் எண்ணியிருந்தால்?
பென்சில் அங்கேயே நின்றது.

தீர்ப்பில் இஷ்பெல் மீது குற்றமில்லை.
சரியான முடிவு என்றுகூட ஒரு வரி.
தவறாகப் படித்துச் சரியாகச் செய்ததற்கு
என்ன பெயர் என்று
பச்சை நாடாப் பக்கத்தில் இல்லை.

இரவுப்பணி முடிந்து வருகிறாள்.
முட்டை இருக்கிறதா என்கிறாள்.
மாடியிலிருந்து கணவன், அரைத்தூக்கத்தில்:
"டூ லெஃப்ட்."
காலணியைக்கூடக் கழற்றாமல்
அட்டைப்பெட்டியைத் திறந்து
விரல் வைத்து
ஒவ்வொரு குழியாக எண்ணுகிறாள்,
காலிக் குழிகளையும் சேர்த்து.