கிளாவர் ஏழு

ஏகப்பன் கருமாதி முடிந்த மூன்றாம் நாள்
பாஸ்போர்ட் உறையோடு சிகப்பி வந்தாள்.
"இந்தா, உன் கட்சிக்காரர் சீட்டு."

கட்சி என்றது சரிதான்.
நாலு பேருக்கும் இரண்டிரண்டு கட்சி,
வீட்டில் ஒன்று, சீட்டில் ஒன்று.
நானும் ஏகப்பனும் மாத்தூர் கோயில்.
சிகப்பியும் சேவுகனும் நேமம்.
ஒரே கோயில்காரர் கட்டிக்கொள்ள முறையில்லை;
சேர்ந்து சீட்டாடத் தடையில்லை.

எட்டு வயதில்
தேவகோட்டையில் யார் வீட்டுக் கல்யாணமோ,
சாமான் அறைத் தேங்காய்க் குவியலுக்குப் பின்னால்
சமையல்காரரின் எடுபிடிப் பையன்
சொல்லித்தந்த இருபத்தெட்டு.
எலி கடித்த சீட்டு ஒன்றுக்குப் பதிலாகத்
தீப்பெட்டி அட்டையை வெட்டி
'கிளாவர் ஏளு' என்று எழுதினேன்.
ழ எனக்கு வராத வயசு.
மூன்று பேரும் அதைச் சொல்லிச் சொல்லி
ஒரு வாரம் சிரித்தார்கள்.

எழுபத்தொன்றில் பெரியவர்கள் கட்சி மாற்றினார்கள்.
எனக்குச் சேவுகன், அவளுக்கு ஏகப்பன்.
ஆட்டத்தில் மட்டும் பழையபடி.
தாலி ஏறிய மூன்றாம் மாதம்
புருஷன் போட்ட ஆஸைத் துருப்பால் வெட்டினேன்.
அன்று ராத்திரி இவுக
பால் வேண்டாம் என்றுவிட்டாக.

ஏகப்பனுக்கு ஈப்போவில் கணக்கு வேலை வந்தது.
தேவகோட்டை ரஸ்தாவில் ரயில் தாமதம்.
பெட்டிமேல் துண்டு விரித்து
அந்தப் பழைய கட்டைக் கலைத்துப் போட்டோம்.
ஆளுக்கு எட்டு.
இருபத்திரண்டு கேட்டுவிட்டு
ஸ்பேடு துருப்பு என்றான்.
முதல் சீட்டு இறங்குமுன் வண்டி ஊதியது.
எட்டையும் பாஸ்போர்ட்டுக்குள் சொருகிக்கொண்டு ஏறினான்.

அப்புறம் ஏரோகிராமில் ஆட்டம்.
ஒரு பிடிக்கு ஒரு வருஷம்.
இரண்டாம் வருஷம் சிகப்பி போனாள்,
தன் ஆறு சீட்டையும்
முறுக்கு டின்னுக்கு அடியில் வைத்துக்கொண்டு.
நலம், நலமறிய ஆவல்,
பிள்ளைக்குப் பல் முளைத்தது,
டைமண்டு பத்து இறக்குகிறேன்.
எல்லாக் கடுதாசிக்கும் ஓரத்தில் எனக்கு ஒரு வரி:
'உண்ணாமலை, கவலைப்படாதே.
துருப்பு ஜாக்கி என்கிட்ட.'

ஏழு பிடி முடிந்தபோது
எங்கள் கட்சிக்கு இருபது.
இன்னும் இரண்டு போதும்.
கடைசிச் சீட்டு நேரில் என்று எழுதினான்.
வந்தான். தலை நரைத்து, சர்க்கரையோடு வந்தான்.
வியாழன்தோறும் புதுக் கட்டில் ஆடினோம்,
சண்டை போட்டோம், நாலு மாசம் பேசாமலும் இருந்தோம்.
அந்த ஒரு பிடியை மட்டும்
இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்றே
முப்பத்தெட்டு வருஷம்.

சிகப்பி உறையைத் திறக்கவில்லை.
"நீயே எடு."
நான் என் ஆர்ட்டின் ராணியைப் போட்டேன்.
அவள் டைமண்டு ராஜா.
விரல் விட்டுத் துழாவினேன்.
தீப்பெட்டி அட்டை.
மை வெளிறிப்போன
ஏளு.

பெட்டகத்திலிருந்து இவுக எடுத்துவந்து
மெதுவாக வைத்தாக,
ஸ்பேடு ஜாக்கியை.

"உங்ககிட்டயா இருந்துச்சு?
இத்தனை வருஷம் ஒரே வீட்டில்?"
"எதிர்க்கட்சிக்குக் காட்டலாமா?"
"உனக்குமா தெரியும்?"
சிகப்பி புடவை நுனியில் மூக்கைத் துடைத்தாள்.
"ஈப்போவில் இறங்கின அன்னைக்கே பார்த்தேன்.
ஜாக்கியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.
கடுதாசி எழுதையில் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாக."

சேவுகன் கண்ணாடியைக் கழற்றினாக.
"அந்த வரியைப் படிச்ச அன்னைக்கு
நீ ரெண்டு இட்லி கூடத் திம்பே.
அதைப் போய் நான் ஏன் கெடுக்க?"

தோற்றுவிட்டோம், ஏகப்பா.
இருபதுக்கு மேல் ஒன்றுகூடத் தேறவில்லை.
கையில் ஏழை வைத்துக்கொண்டு
இருபத்திரண்டு கேட்டிருக்கிறாய்,
உனக்கு என்ன திமிர்!

பிடியை அள்ளித் தன் பக்கம் வைத்தாள் சிகப்பி,
ஜெயித்தவள்தானே.
அள்ளியதில் அந்த அட்டையை மட்டும் திரும்ப உருவி,
நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு,
உறைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.