சூடேறுமுன் அணைக்காதே

பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தது
உரப்பையில் சுற்றி, திரும்பி வந்த மீன் லொறியில்.
இரண்டு பேர் தூக்கிவிடலாம்.
பிஸ்டன் இல்லை. வால்வு இல்லை.
உள்ளே பக்கம் ஊதிய முக்கோணம் இரண்டு
இடுப்பு ஒடுங்கிய அறைக்குள்
மூன்று மூலையும் சுவரைத் தொட்டபடி
சுழலும். அவ்வளவுதான்.
'ரெண்டு சமோசாவுக்கா இவ்வளவு காசு?'
என்றான் கிண்ணியா ஜவ்பர்.

கார் எண்பத்தொன்றாம் ஆண்டு மஸ்டா.
அனுராதபுரச் சந்திக்குப் பின்னால்
பதினொரு வருடம் மதிலோடு ஒட்டிக் கிடந்தது.
பார்த்தலோட் மெல்பேர்ன் போகிற கிழமை
ஒரு குளிர்சாதனப் பெட்டியைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன்.
பெட்டியை அவர் யாருக்கு விற்றாரோ.
பழைய எஞ்சினின் மூலைச் சீல்கள்
நகம் வெட்டிய துண்டுகள்போல் உதிர்ந்து வந்தன.

புதியது இருபது வருடம் இளையது.
பழைய இடத்தில் இருக்க மறுத்தது.
எண்ணெய்த் தட்டு குறுக்குச் சட்டத்தில் முட்ட,
மூன்று ஞாயிறு கிரைண்டர் பொறி.
தாங்கியை ஜவ்பர் கடைந்தான்,
பிழைத்தது, திரும்பக் கடைந்தான்.
பகலில் நான் மா ஆலையில்
கொன்வேயர் வயர்களைத் திருத்துகிறவள்.
இரவில் எழுபத்திரண்டு வயர்
மடியில், பிரசவம் பார்த்த மாதிரி.

எல்லாம் பூட்டினோம். பிடிக்கவில்லை.
எஞ்சினின் மூளை தன் திறப்பைக் கேட்டது.
எந்தத் திறப்பு?
யோக்கோஹாமாவில் நசுங்கிக் கட்டி இரும்பாகிவிட்ட
ஏதோ ஒரு காரின் திறப்பு.
உன் கார் செத்துப்போச்சு என்று
வயரில் எப்படிச் சொல்வது?
கண்டியில் ஒரு பெடியன் இருந்தான், சிந்தக.
மூளையை பஸ்ஸில் அனுப்பினோம்.
ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது, ஒரு துண்டோடு:
இனி இது யாரையும் நம்பும்.

வியாழன், இரவு ஒரு மணி.
பிடித்தது.
வீதியில் படுத்திருந்த மான்கள்
எழுந்து, நின்று, பிறகுதான் ஓடின.
'அணை, அணை' என்றான் ஜவ்பர்.
எதிர் வீட்டில் லைட், பக்கத்து வீட்டில் லைட்.
அணைக்க ஏலாது.
குளிரில் அணைத்தால் இது
தன் பெற்றோலில் தானே மூழ்கும்,
பிளக்கைக் கழற்றி விடியும்வரை காயவைக்க வேண்டும்.
நின்று சூடாக்கினால் ஊர் எழும்பும்.
ஏறு என்றேன்.

பொனெட் இல்லை. அவன் பக்கத்தில் இருக்கையும் இல்லை,
கவிழ்த்த பெற்றோல் கேனில் குந்தியிருந்தான்.
உப்புவெளி, அலஸ்தோட்டம்.
பொங்கித் தலை நிமிர்த்தும் விளக்குகளில்
இடது மட்டும் விழித்திருந்தது.
மிதிக்க ஆசை. மிதிக்கக் கூடாது, இன்னும் குளிர்.
தையல் மெஷின் ஒன்று
கோபத்தை அடக்கிக்கொண்டு தைப்பதுபோல்
சாம்பல்தீவுப் பாலத்தைக் கடந்தோம்.

அதற்கப்பால் டோர்ச் வெளிச்சம்.
கடற்படைப் பெடியன், இருபத்திரண்டு இருக்கும்.
'பொனெட் எங்க?'
'கராஜில.'
புத்தகத்தை வாங்கினான்.
எஞ்சின் இலக்கத்தில் வெளிச்சம், புத்தகத்தில் வெளிச்சம்,
திரும்ப எஞ்சினில்.
'இது வேற.'
'ஓம்.'
'அப்ப இது எந்த வாகனம்?'
சட்ட இலக்கம் பழசு, எஞ்சின் புதுசு,
மூளை கண்டி, தாங்கி கிண்ணியா.
அவனுக்கு என்ன சொல்ல.
'அணைங்க.'
'ஏலாது' என்று
ஊசியைக் காட்டினேன்.

நம்பினானோ, சத்தம் பிடித்ததோ,
துவக்கைத் தோளில் சரித்துவிட்டு
ஜன்னலுக்குள் குனிந்தான்.
மூன்று தலை, ஒரு ஊசி.
அது அசையவில்லை.
பிறகு அசைந்தது.
நுளம்பு கடித்தது, யாரும் அடிக்கவில்லை.
ஊசி நடுவுக்கு வந்ததும் அவனே சொன்னான்:
'இப்ப அணைக்கலாம்.'

அணைத்தேன்.
கடல் அவ்வளவு கிட்ட இருந்தது
அப்போதுதான் தெரிந்தது.

காலையில் மோட்டார் போக்குவரத்துக் கந்தோருக்குப் போங்கள்
என்று புத்தகத்தைத் தந்தான்.
திறப்பைத் திருப்பினேன்.

சூட்டில் இது மறுபடி பிடிக்காது என்பதை
விற்றவனும் சொல்லவில்லை, சிந்தகவும் எழுதவில்லை.
மூன்று பேரும் தள்ளினோம்.