இடப்பக்கம், பதினாலு தடவை

தேர்வுக்கு முன்னால்
அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது திரை.
லேப்டாப்பைக் கையில் ஏந்தி ஒரு வட்டம் வந்தேன்:
தார்க்கூடை, கேஸ் சிலிண்டர்,
கொடியில் தம்பியின் பேன்ட்,
இடப்பக்கம் சாத்திய கதவு.
கதவைத் திறக்கச் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் ஆறு தறி.

'பின்னணியில் இரைச்சல்' என்று சிவப்பில் ஒரு வரி வந்தது.
சோமனூரில் இதை யாரும் இரைச்சல் என்பதில்லை.
நின்றுபோனால்தான்
என்னாச்சு என்று பக்கத்து வீடு எட்டிப் பார்க்கும்.
முந்தின ராத்திரியே அப்பா கேட்டார்:
"நிறுத்திப் போடட்டுமா கண்ணு, ஒன்றரை மணி நேரந்தானே?"
துணி கொடுக்க நாலு நாள்தான் இருந்தது.
வேண்டாமுங்க என்றேன்.
காலையில் அவர் மொபெட்டில் பல்லடம் போய்விட
ஆறுக்கும் அம்மா ஒருத்தி.

நிகழ்தகவுத் தாள்.
முகம் கட்டத்துக்குள் இருக்க வேண்டும்,
கண் திரையில் இருக்க வேண்டும்,
உதடு அசையக் கூடாது.
காதைப் பற்றி ஒரு விதியும் இல்லை.

ஊடை அறுந்தால் தறி தானாக நிற்கும்.
ஆறு ஐந்தாகும்.
பல் விழுந்த இடம் மாதிரி அது,
நாக்கு போகாமல் இருக்குமா?
கழுத்து திரும்பிவிடும்.
அம்மா நாடாவைக் கோத்து, பிடியைத் தட்டி,
மறுபடி ஆறாகும்வரை
ஏழாம் கேள்வி காத்திருக்கும்.

ஏழாம் கேள்வி:
ஓர் அலுவலகத்துக்கு மணிக்குச் சராசரி இரண்டு அழைப்புகள்.
ஒரு மணி நேரம் ஒன்றுமே வராதிருக்க நிகழ்தகவு?
புள்ளி ஒன்று மூன்று ஐந்து.
அழுத்தப் போகும்போது
மூன்றாம் தறி நின்றது.

கோபியில் தாரணிக்குப் பாதியில் கரண்ட் போனது.
ஊத்துக்குளி நிவின் மீசையை எடுத்திருந்தான்,
இது நீ இல்லை என்று திரை அவனை வெளியே தள்ளிவிட்டது.
அவர்களுக்கு மறுதேர்வு.
எனக்கு விசாரணை.

"இடப்பக்கம் பதினாலு தடவை பார்த்திருக்கே.
யாரும்மா அங்கே?"
"மூணாம் நம்பருங்க மேடம்.
ரெண்டு தடவை மட்டும் அஞ்சாம் நம்பர்."
"நம்பர் கேட்கலை. பேரைச் சொல்லு."

மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தேன்.
அணைத்ததும் ஒரு குற்றமாகப் பதிவானது.

விளக்கக் கடிதம் கேட்டார்கள்,
துறைத்தலைவர் வழியாக, பிடிஎஃப்பாக.
மூன்று தரம் எழுதி அழித்தேன்.
கடைசியில் போனது இவ்வளவுதான்:

ஐயா, எங்கள் வீட்டில்
ஒன்றரை மணி நேரத்துக்குச் சராசரி ஒன்பது.
பதினாலு அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.
அன்றைக்கு வந்த ஊடை நூல் மட்டமுங்க.