முதல் புள்ளி

குதாயிசியில் பின்னிரவு மூன்று மணிக்கு விழித்திருப்பவை
நாய்களும் ரொட்டிக் கடைகளும்தான்.
தோனே அடுப்பு ஒரு கிணறு,
தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் தணல்.
இடுப்புவரை உள்ளே குனிந்து
மாவைச் சுவரில் அறைய வேண்டும்.
ஒட்டினால் ரொட்டி.
ஒட்டாவிட்டால் சாம்பல்.

மாவு புளிக்கும் நாற்பது நிமிடம் என்னுடையது.
மூட்டைமேல் உட்கார்ந்து
கீறல் விழுந்த போனில் நெட்வொர்க் பாடம் கேட்பேன்.
இலவசப் பாடம். யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில்
இருமிக்கொண்டே சொல்லித்தருகிறார்.
இருமல் வரும் இடங்கள்கூட எனக்கு மனப்பாடம்.

"எதெரி, அந்த இருநூற்றைம்பத்தாறை
எதற்கு வெட்டிக்கொண்டே இருக்கிறாய்?"
என்றான் ஜும்பெர்.
மாவுப் பலகையில் விரலால் கோடு போட்டேன்.
இதைப் பாதியாக்கு. பாதியைப் பாதியாக்கு.
ஒரு பங்கில் அறுபத்துநான்கு உருண்டை.
முதல் உருண்டையை யாருக்கும் தர முடியாது,
அது தெருவின் பெயர்.
கடைசியையும் தர முடியாது,
அது எல்லோரையும் ஒரே மூச்சில் கூப்பிடும் குரல்.
"அப்போ அறுபத்திரண்டுதான் விற்பனைக்கு"
என்று சொல்லிவிட்டு
திராட்சைக்கொடி விறகைத் தள்ளப் போய்விட்டான்.
எனக்கு அது புரிய மூன்று வாரம் ஆகியிருந்தது.

தேர்வுக் கட்டணத்தை ரொட்டிக் கணக்கில் போட்டுப் பார்த்தேன்.
ஒன்று ஒன்றரை லரி வீதம்
ஐந்நூற்று நாற்பது ரொட்டி.
இரண்டு இரவில் நான் சுடுவது அவ்வளவு.
எட்டு மாதத்தில் நான் சேர்ப்பதும் அவ்வளவே.
இந்த இரண்டு வரிக்கும் நடுவில்
எவரும் கேபிள் இழுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ரியோனி ஆற்றங்கரையில் பழைய சாமான் சந்தை.
சமோவார் மூடிகள், யாருடையவோ பதக்கங்கள்,
அவற்றுக்கு நடுவில் ஒரு ரவுட்டரும் ஒரு சுவிட்சும்.
விற்றவள் ரேடியோ என்றாள்.
நான் திருத்தவில்லை.
இரண்டும் நாற்பது லரிக்கு வந்தன.

சுவிட்சுக்குப் பூட்டு இருந்தது.
மின்சாரம் ஏறும்போதே முகத்திலிருக்கும் பொத்தானை
விடாமல் அழுத்து என்றிருந்தார் இருமல்காரர்.
மூன்றாம் இரவு திறந்தது.
உள்ளே மூடிப்போன ஒரு வங்கிக் கிளை.
துளைக்குத் துளை யாரோ குறிப்பு எழுதியிருந்தார்:
காசாளர் ஒன்று.
காசாளர் இரண்டு.
மேலாளர், மெதுவாக இருக்கிறது என்பார், இல்லை.
கடைசித் துளையில்:
மழை பெய்தால் விழும். காத்திருக்கவும்.

எல்லாவற்றையும் அழித்தேன்.
அந்த ஒரு வரியை விட்டுவைத்தேன்.

பிப்ரவரியில் திபிலிசி போய் எழுதினேன்.
மார்ஷ்ருத்கா வேனில் ஜன்னலோர இடம், ரிகோத்தி கணவாயில் பனி.
தேர்வறை வாசலில் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள்.
அடியில் தீக்காயம் இருந்தது.
அதைக் கழற்றச் சொல்லவில்லை.

தேறவில்லை.
எவ்வளவில் போனது என்று கேட்காதீர்கள்,
ஒரு தட்டு ரொட்டி அளவு.
திரும்பி வரும்போது தூங்கினேன்.
எட்டு மாதத்தில் அப்படித் தூங்கியதே இல்லை.

நேற்று அக்கா மகளின் மடிக்கணினியை இரவல் வாங்கி
ரவுட்டர், சுவிட்ச், மடிக்கணினி என்று
மாவு மூட்டைகளுக்கு மேல் வரிசையாக வைத்து
ஒன்றை விட்டு இன்னொன்றைக் கூப்பிட்டேன்.
ஐந்து முறை கூப்பிடும் அது.
திரையில் ஒரு புள்ளி,
பிறகு நான்கு ஆச்சரியக்குறி.

"ஒன்று போச்சே" என்றான் ஜும்பெர், தோளுக்குப் பின்னாலிருந்து.
முதலாவது அப்படித்தான் போகும் என்றேன்.
இந்த முகவரி யாருடையது என்று விசாரித்துக்கொண்டே
வாசலில் நிற்கும்.
பதில் வருவதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும்.
பின்னால் வருபவைக்கு வீடு தெரியும்.

அவன் ஒன்றும் சொல்லாமல் அடுப்புக்குள் குனிந்தான்.
அன்றைய முதல் ரொட்டி ஒட்டவில்லை.
தணலில் விழுந்து கருகும் வாசனை.
"அடுத்ததைக் கொடு."
கொடுத்தேன்.

விடிந்ததும் தகர டப்பாவில் பதினொரு லரி போட்டேன்.
இன்னும் ஐந்நூற்று முப்பத்துமூன்று ரொட்டி.